மனைவிக்கு டேப்லெட்: பில் யார் பெயரில், பாஸ்வேர்டு யார் கையில்?

கேள்வி: கரூரில் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் மனைவி வீட்டிலிருந்தே ஆரி ஒர்க் ஆர்டர் எடுத்துச் செய்கிறார். பிளவுஸ் கழுத்துக்கும் கைக்கும் டிரேசிங் பேப்பரில் டிசைன் வரைந்து, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாடிக்கையாளரிடம் ஓகே வாங்குவதற்குள் நள்ளிரவு ஆகிவிடுகிறது. வருகிற கல்யாண நாளுக்கு, பேனாவால் வரையக்கூடிய டேப்லெட் ஒன்றைச் சொல்லாமல் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். பட்ஜெட் முப்பதாயிரம். ஆன்லைனில் தள்ளுபடி ஓடும்போதே வாங்கி பீரோவில் வைத்துவிடலாமா, கடையில் வாங்குவது நல்லதா? துபாயிலிருந்து வரும் மச்சான் குறைந்த விலைக்கு வாங்கி வருகிறேன் என்கிறார். பில் யார் பெயரில் இருக்க வேண்டும்? "உன் காசு, உன் பேர்ல பில்லு, அப்ப அது உன் பொருள்தானே?" என்கிறார் என் அம்மா. இன்னொன்று: ஆன்லைன் மோசடிகள் பெருகிவிட்டதால், மனைவிக்குத் தெரியாமல் அதில் ஒரு கண்காணிப்பு ஆப் போட்டு என் போனிலிருந்து பார்த்துக்கொள்ளலாமா? பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன்.

*பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்*

பதில்: உங்கள் அம்மா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

அம்மா சொல்வது சட்டப்படி சரியல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 122, 123 பிரிவுகளில் தானம் பற்றிப் பேசுகிறது. வீடு, நிலம் என்றால் பத்திரமும் பதிவும் வேண்டும். டேப்லெட் போன்ற அசையும் பொருளுக்கு அதெல்லாம் தேவையில்லை. மனமுவந்து கையில் கொடுக்க, அவர் வாங்கிக்கொண்டால் தானம் முடிந்தது. பில்லில் உங்கள் பெயர் இருப்பது காசு கொடுத்தவர் யார் என்பதைத்தான் காட்டும். பொருள் யாருடையது என்பதை அல்ல. நாளைக்குச் சண்டை வந்தால், "நான் வாங்கிக் கொடுத்ததுதானே, எடு இங்கே" என்று திரும்பக் கேட்கவும் முடியாது. கொடுத்தவர் நினைத்தபோது ரத்து செய்யக்கூடிய தானம் செல்லாது என்கிறது 126-ஆம் பிரிவு.

இந்துக் குடும்பம் என்றால் இது ஸ்ரீதனத்திலும் சேரும். நகை, பாத்திரம் மட்டும்தான் ஸ்ரீதனம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணவன் கொடுத்த பரிசும் அதில் அடக்கம். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்ரீதனம் மனைவிக்கே முழு உரிமையான சொத்து, அதைத் தர மறுத்துக் கையாடினால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று சொல்லிவிட்டது. இஸ்லாமியக் குடும்பமானால் ஹிபா முறையிலும் கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, பொருளை ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நடந்தால் போதும். கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பரிசுக்கு அவர் வருமான வரி கட்ட வேண்டியதும் இல்லை.

ஆக, வாங்கும்போதே 'இது அவருடைய பொருள்' என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். பில்லை அவர் பெயரில் போடச் சொல்வது நல்லது. உங்கள் கார்டில் பணம் கட்டினாலும் பில்லில் அவர் பெயர், உங்கள் வீட்டு முகவரி என்று போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆன்லைனில் உங்கள் கணக்கிலிருந்து வாங்கி, பில் உங்கள் பெயரில் வந்துவிட்டாலும் குடி முழுகிப் போகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவு, வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் 'நுகர்வோர்' என்றே சொல்கிறது. பழுது வந்தால் நீங்களும் புகார் கொடுக்கலாம், அவரும் கொடுக்கலாம்.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு முட்டுக்கட்டை போடப் பார்ப்பார். "இவர் ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கிறார், இது வணிகப் பயன்பாடு, எனவே நுகர்வோர் அல்ல" என்பார். அதற்கும் அதே பிரிவின் விளக்கத்தில் பதில் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது. வீட்டுக் கூடத்தில் கட்டை போட்டுத் துணியை இழுத்துக் கட்டி ஆரி ஊசி பிடிப்பவர் சுயதொழில் செய்பவர்தான். நாளைக்குப் பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்துப் பட்டறை நடத்தினால் இந்த வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது.

அடுத்து அந்த பீரோ. சொல்லாமல் பரிசு கொடுப்பவர்கள் சட்டத்தில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தள்ளுபடி விற்பனை ஒரு மாதத்தில் வரும், கல்யாண நாள் இன்னொரு மாதத்தில் வரும். பெட்டியைப் பிரிக்காமல் புடவைக்கு அடியில் ஒளித்து வைப்பீர்கள். ஆசையாகப் பிரித்து ஆன் செய்தால் திரையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு நிற்கும். விற்பனைத் தளத்தின் மாற்றித் தரும் காலம் பல பொருட்களுக்கு 7 நாள்தான்; அது எப்போதோ முடிந்திருக்கும். வாரண்டியும் பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே ஓடும், நீங்கள் கொடுத்த நாளிலிருந்து அல்ல. அதனால் உங்கள் உரிமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாரண்டி இருக்கிறது, புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு தருகிறது. ஆனால் 'புதுசாக மாற்றித் தாருங்கள்' என்று கேட்க வேண்டியவர் 'சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்ற வரிசையில் போய் நிற்க நேரும்.

எனவே வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் விநியோகச் சீட்டு முதலில் தெரியட்டும். உள்ளே செங்கல் இருந்தாலும் சரி, வேறு மாடல் இருந்தாலும் சரி, அந்த வீடியோதான் உங்கள் முதல் சாட்சி. பெட்டியில் அச்சிட்ட சீரியல் எண்ணும் செட்டிங்ஸில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சிம் போடும் மாடலானால் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் ஒப்பிடுங்கள், வைஃபை மட்டும் உள்ள மாடலுக்கு அந்த எண் இருக்காது, பதற வேண்டாம். பெட்டியிலோ பொருளிலோ 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவு எண் இருக்க வேண்டும். டேப்லெட்டுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடி, அதன்மேல் வண்ணக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மாடல் என்பதில் எனக்குச் சட்டம் தெரிந்த அளவு டிசைன் தெரியாது. ஆனால் விளம்பரத்தைப் படிக்கத் தெரியும். '12 ஜிபி ரேம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் 6+6 என்று இருக்கும். இரண்டாவது ஆறு, சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய மெய்நிகர் நினைவகம். படத்தில் பேனா இருக்கும், பெட்டியில் இருக்காது. உங்கள் மனைவிக்குத் தேவையே அந்தப் பேனாதான். அது பெட்டியோடு வருகிறதா, அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்குமா, உள்ளங்கை திரையில் படும்போது கிறுக்காமல் இருக்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கும் நாளன்று அந்தப் பொருளின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. அந்தப் பக்கம் நாளைக்கே மாறிவிடும் என்பதால்தான் ஸ்கிரீன்ஷாட். பணம் கட்டும்போது, நீங்கள் கேட்காமலே கூடையில் ஏறியிருக்கும் 'பாதுகாப்புத் திட்டம்' 499 ரூபாயையும் கவனியுங்கள். அப்படி நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்தி என்றே தடை செய்திருக்கின்றன.

வட்டியில்லாத் தவணை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சுற்றறிக்கை விட்டது. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கும் பரிசீலனைக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். தவணை முடியும்வரை கடன் உங்களுடையது, டேப்லெட் அவருடையது.

கடையா, ஆன்லைனா? பேனாவைக் கையில் பிடித்து வரைந்து பார்க்க முடியும் என்பதாலேயே நான் கடைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். உங்கள் ஊர்க் கடைக்காரர் பில்லே தராமல் "ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம் சார்" என்றால் மட்டும் வேண்டாம். பில் தராமல் விற்பது சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதோடு பில் இல்லாமல் நாளைக்கு என்னிடம் வந்தால் நானும் கையைப் பிசைய வேண்டியதுதான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தால் பயப்படாதீர்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி பொருந்தாது. பில்லில் காலவரம்பு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் சட்டம் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. 'நிறம் பிடிக்கவில்லை' என்பதற்கு மட்டும் இந்த உரிமை கிடையாது.

துபாய் மச்சானை அன்போடு மறுத்துவிடுங்கள். பல நிறுவனங்களின் வாரண்டி விற்ற நாட்டோடு முடிந்துவிடும். துபாய்க் கடைக்காரரைக் கரூர் நுகர்வோர் ஆணையத்துக்கு வரவழைப்பது நடக்கிற காரியம் இல்லை.

பழுது வந்து, விற்றவர் அசையவில்லை என்றால்: ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவரின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கரூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. (என் தொழிலுக்கு நானே வைக்கும் வேட்டு இது.) 3 மாதத்தில், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும், தயாராக இருங்கள்.

கடைசியாக அந்த ஆப். போடக் கூடாது.

பாதுகாப்புக்காக என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் சட்டத்தின் சொற்களைப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதையும் அதிலிருந்து தகவல் எடுப்பதையும் தவறு என்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு அதைச் செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. உரிமையாளர் யார் என்றுதான் முதலிலேயே பார்த்தோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ ஓர் ஆண் கண்காணிப்பதை அது 'பின்தொடர்தல்' குற்றத்துக்குள் வைக்கிறது. விலக்குகள் சில உண்டு. 'கணவன்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் அவருடைய தொலைபேசி அழைப்பு விவரங்களை எடுத்து விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்த கணவரின் ஆவணங்களை ஏற்க மறுத்தது. தாம்பத்தியத்துக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. சிலர் இப்போது, "2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொல்லிவிட்டதே" என்று கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பு, கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிந்ததைத் திருமண வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்றது. சாட்சியமாக எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. மனைவியின் கருவிக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தது குற்றமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மோசடி பயம் நியாயமானது. அதற்கு வழி அவருக்குத் தெரிந்தே இருக்கிறது: இரண்டு கட்டச் சரிபார்ப்பு, யுபிஐ-க்குத் தினசரி வரம்பு, தொலைந்தால் கண்டுபிடிக்கும் வசதி. பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை அவர் போனிலும் சேமித்து வையுங்கள். வாங்கிய அன்று சோதிக்க ஆன் செய்வீர்கள் அல்லவா? உங்கள் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்குத் தொடங்கிவிடாதீர்கள். போட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தால், பார்த்து முடித்ததும் உங்கள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், கல்யாண நாளன்று அவர் திறக்கும்போது டேப்லெட் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம்.