வலைப்பக்க வடிவமைப்பும் அலுவலகப் பணியும்

பெங்களூரின் சிவாஜிநகர் பழைய கண்டோன்மெண்ட் பகுதியைச் சார்ந்தது. ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த அதன் தெருக்களில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகள் வழங்குகின்றன. இதற்கு அருகிலுள்ள மில்லர்ஸ் சாலையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1985-இல் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கிற்று. செயற்கைக்கோள் இணைப்பின் வழியே பணியின் பயன் கடல் கடந்து சென்றது. பணியாளர் இடம் பெயராமலே பணி இடம் பெயரலாம் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த வைய விரிவு வலை, இந்த வாய்ப்பை அனைவருக்கும் உரியதாக்கிற்று. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பெற்றது. இன்று விண்ணப்பம், வரி, சான்றிதழ் ஆகிய பலவும் வலைப்பக்கத்தின் வழியே நடைபெறுகின்றன. எனவே அதனை வடிவமைக்கும் மென்பொருள் பொறியாளர், அறிந்தோ அறியாமலோ, நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறார்.

அவர் கருத்தில் கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, பக்கத்தின் எடை. ஒரு பைட் என்பது 8 பிட்டுகள். நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 2 மெகாபைட் அளவுள்ள பக்கம் வந்துசேர 16 நொடிகள் ஆகும். 100 கிலோபைட் பக்கத்திற்கு ஒரு நொடிகூட ஆகாது. தமிழ் எழுத்துக் குறியீடு ஒன்றுக்கு யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளே தேவை. ஆகவே சுமை உரையினால் வருவதன்று. படங்களாலும் தேவையற்ற நிரல்களாலும் வருவது. அச்சுமைக்குரிய விலையைச் செலுத்துபவர் மலிவான கைப்பேசி வைத்திருப்பவரே.

இரண்டாவது, எழுத்துமுறை. ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. இருப்பினும் அறிவிப்பைப் படமாக வெளியிட்டால் அதனைத் தேட இயலாது. பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் படிக்க இயலாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திற்கு அது முரணாகும். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது என்பதும் சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் நினைவிற்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, பெயர். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்தே உண்டு. ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்னும் படிவத்தில் ஒருவர் தந்தையின் பெயரை நிரப்புவார். மற்றொரு படிவத்தில் தலைப்பெழுத்தை மட்டும் இடுவார். இரு ஆவணங்களும் ஒவ்வாதபோது ஓய்வூதியமோ வங்கிக் கணக்கோ தடைப்படக்கூடும். ‘முழுப்பெயர்’ என்னும் ஒரே கட்டம் இத்தொல்லையைத் தவிர்க்கும்.

அலுவலகங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. கணிப்பொறியில் பதிந்ததைத் தாளிலும் எழுதச் சொன்னால் வேலை இரட்டிப்பாகுமேயன்றிக் குறையாது. எந்தப் பதிவேட்டைக் கைவிடலாம், எந்தக் கையொப்பம் தேவையற்றது என்பவற்றை முடிவு செய்த பின்னரே நிரல் எழுதப்பட வேண்டும். அம்முடிவை எடுக்கவேண்டியவர் பொறியாளர் அல்லர், அலுவலரே. படிவத்தை வெளியிடுமுன் கோப்பைக் கையாளும் எழுத்தரையும் விண்ணப்பிக்கும் குடிமக்கள் சிலரையும் அதனை நிரப்பச் செய்து பார்ப்பது, செலவு குறைந்த சோதனையாகும்.