சீன நிறுவனங்கள் கடல் கடப்பதேன்?

மாணவியரே! சீன நிறுவனங்கள் உலகச் சந்தையை நாடுவதேன் என்று சிந்திப்போம். தம் நாட்டில் விற்பனையாவதைவிட மிகுதியாக உற்பத்தி செய்வதால் அவற்றுக்கு வெளிநாட்டுச் சந்தை தேவைப்படுகிறது. 2001-ல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்ததும் வழி எளிதாயிற்று. முதலில் மலிவான பொருள் வரும். பின்னர் நிறுவனமே வரும். 1995-ல் ஷென்ழென் நகரில் மின்கலம் செய்யத் தொடங்கிய பி.ஒய்.டி. நிறுவனம் 2007-ல் இந்தியாவுக்கு வந்தது.

மலிவு விலை நமக்கு நன்மையே. ஆனால் மலிவான லைட்டர்கள் நம் தென் மாவட்டத் தீப்பெட்டித் தொழிலாளரின் பிழைப்பைக் குறைத்தன. எனவே 2023-ல் இந்திய அரசு 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியைத் தடை செய்தது.

நம் திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வாங்குவோர் இல்லையேல் பட்டறை வாழாது. பொருள் வாங்கும்போது விலையோடு, அதைச் செய்த கைகளையும் நினைப்போம்.