பழைய சன் ஒர்க்ஸ்டேஷனுக்கு நாமே கெர்னல் தயாரிப்போம்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 1994-ல் விற்பனைக்கு வந்த ஒர்க்ஸ்டேஷன். தட்டையான பெட்டி, உள்ளே 70, 85 அல்லது 110 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் 2 பிராசசர். மெமரிக்கு 8 ஸ்லாட்டுகள், அதிகபட்சம் 256 எம்பி. உள்ளே இருப்பது எஸ்சிஎஸ்ஐ டிஸ்க். இப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்குக் கிடைத்து, அது இன்னும் உயிரோடு இருந்தால், அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது?

சன் நிறுவனமே 2005-ல் வெளியிட்ட சோலாரிஸ் 10-ல் 32-பிட் ஸ்பார்க் பிராசசர்களைக் கைவிட்டுவிட்டது. ஓபன்பிஎஸ்டி இந்தப் பிரிவை 2016-ல் வந்த 5.9 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. நெட்பிஎஸ்டி மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024-ல் வெளியான நெட்பிஎஸ்டி 10-லும் ஸ்பார்க் பிரிவு உண்டு. அதை நிறுவியபின் நம் இயந்திரத்துக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு கெர்னல் தயாரிப்பது எப்படி என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும்.

எதற்காக மாற்ற வேண்டும்?

ஹார்டுவேருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவில் நிற்பது கெர்னல். நெட்பிஎஸ்டியுடன் வரும் கெர்னலின் பெயர் ஜெனரிக். எந்த ஸ்பார்க் இயந்திரத்தில் போட்டாலும் பூட் ஆக வேண்டும் என்பதற்காக, 1980களின் பெரிய விஎம்இ பெட்டிகள் முதல் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 வரை எல்லாவற்றுக்குமான டிரைவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? மெமரி குறையும்போது சாதாரண புரோகிராமின் பகுதிகளை டிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளிவிடலாம். கெர்னலின் கோடை அப்படித் தள்ள முடியாது. பூட் ஆன நொடியிலிருந்து அணைக்கும் வரை அது மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும். உங்களிடம் இல்லாத கார்டுக்கான டிரைவரும் அப்படித்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதில் மிச்சமாகப் போவது சில மெகாபைட்தான். 256 எம்பி உள்ள இயந்திரத்தில் இதனால் பெரிய மாற்றம் தெரியாது. 16 அல்லது 32 எம்பி உள்ள இயந்திரத்தில், ஓயாமல் ஸ்வாப் செய்து டிஸ்க் கடகடப்பதற்கும் அமைதியாக வேலை நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சில மெகாபைட்தான்.

இயந்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கெர்னல் தயாரிப்பில் பாதி வேலை இதுதான். சன் இயந்திரங்களில் பிசியின் பயாஸ் இருக்கும் இடத்தில் ஓபன்பூட் உள்ளது. கீபோர்டில் ஸ்டாப், ஏ ஆகிய கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஓகே என்ற பிராம்ட் வரும். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், முறைப்படி ஷட்டவுன் செய்தபின் செய்யுங்கள். சன் கீபோர்டு இல்லையா? கவலை வேண்டாம். கீபோர்டு இணைக்கப்படாவிட்டால் இயந்திரம் தானாகவே சீரியல் போர்ட்டுக்கு மாறிவிடும். பிசியில் மினிகாம் போன்ற புரோகிராமை 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று அமைத்துப் பேசலாம்.

ஓகே பிராம்ட்டில் பேனர் என்று டைப் செய்தால் மாடல், மெமரி அளவு, ஈதர்நெட் முகவரி ஆகியவை தெரியும். ப்ரோப்-எஸ்சிஎஸ்ஐ என்று கொடுத்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும்.

அடுத்து நெட்பிஎஸ்டிக்குள் சென்று டிமெசேஜ் கட்டளையைக் கொடுங்கள். டி என்ற எழுத்தையும் எம்இஎஸ்ஜி என்ற நான்கு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்ய வேண்டும். ஜெனரிக் கெர்னல் பூட் ஆகும்போது கண்டுபிடித்த எல்லாக் கருவிகளும் வரிசையாக வரும். இதை ஒரு ஃபைலாகச் சேமித்து, முடிந்தால் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க்ஸ்டேஷன் 5-ல் அந்தப் பட்டியலின் சாரம் இப்படி இருக்கும்:

- மெயின்பஸ்0-ன் கீழ் ஐயோஎம்எம்யு0, அதன் கீழ் எஸ்பஸ்0
- எஸ்பஸ்0-ன் கீழ் டிஎம்ஏ0, அதன் கீழ் எஸ்சிஎஸ்ஐ கன்ட்ரோலரான இஎஸ்பி0, அதன் கீழ் டிஸ்க் எஸ்டி0
- எஸ்பஸ்0-ன் கீழ் எல்இடிஎம்ஏ0, அதன் கீழ் ஈதர்நெட்டான எல்இ0
- மெயின்பஸ்0-ன் கீழ் ஓபிஐஓ0, அதன் கீழ் சீரியல் போர்ட்டான இஸட்எஸ்0, கடிகாரம், டைமர்

இது ஒரு மரம். டிஸ்க் என்பது இலை. அந்த இலைக்குப் போகும் கிளைகளில் ஒன்றை வெட்டினாலும் டிஸ்க் கிடைக்காது. பின்னால் எதை நீக்கலாம் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த மரத்தைப் பாருங்கள்.

டோட்டல் மெமரி, அவைல் மெமரி என்ற இரண்டு வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பூட் ஆகும்போதே கெர்னல் எடுத்துக்கொண்ட மெமரி. நாம் செய்யும் வேலைக்குப் பலன் இருந்ததா என்பதை இந்த எண்தான் சொல்லும்.

கன்ஃபிக் ஃபைல்

ஸ்பார்க்ஸ்டேஷனிலேயே கம்பைல் செய்ய முடியும். ஆனால் அதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். லினக்ஸ் உள்ள சாதாரண பிசியிலேயே ஸ்பார்க்குக்கான கெர்னலைத் தயாரிக்கும் வசதி நெட்பிஎஸ்டியில் உள்ளது. உங்கள் ஒர்க்ஸ்டேஷனில் உள்ள அதே பதிப்பின் சோர்ஸ் தொகுப்புகளை எடுத்துப் பிசியில் விரியுங்கள். எஸ்ஆர்சி, சிஸ்எஸ்ஆர்சி, க்னூஎஸ்ஆர்சி, ஷேர்எஸ்ஆர்சி ஆகிய நான்கும் வேண்டும்.

அதில் சிஸ், ஆர்ச், ஸ்பார்க், கான்ஃப் என்று ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள டைரக்டரிகளுக்குள் சென்றால் ஜெனரிக் என்ற ஃபைல் இருக்கும். அதைத் தொடாதீர்கள். காப்பி எடுத்து மைஎஸ்எஸ்5 என்பதுபோல் பெரிய எழுத்துகளில் ஒரு பெயர் கொடுத்து, அந்தக் காப்பியைத் திருத்துங்கள். வேண்டாத வரியை அழிக்க வேண்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டால் போதும். பிறகு வேண்டுமென்றால் குறியை எடுத்துவிடலாம்.

எவற்றை நீக்கலாம்?

1. பிராசசர் குடும்பம்: ஃபைலின் மேல்பகுதியில் ஆப்ஷன்ஸ் சன்4, சன்4சி, சன்4எம் என்ற வரிகள் இருக்கும். சன்4 என்பது பழைய விஎம்இ இயந்திரங்கள். சன்4சி என்பது ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 2, ஐபிசி, ஐபிஎக்ஸ் போன்றவை. சன்4எம் என்பது ஸ்பார்க்ஸ்டேஷன் 4, 5, 10, 20, கிளாசிக், எல்எக்ஸ் ஆகியவை. நமக்கு சன்4எம் மட்டும் போதும். இதனால் மெமரி மட்டுமல்ல, வேகமும் கொஞ்சம் கிடைக்கும். சன்4-ல் மெமரிப் பக்கத்தின் அளவு 8 கேபி, மற்றவற்றில் 4 கேபி. எல்லாம் சேர்ந்த கெர்னல் பக்க அளவை ஓடும்போதுதான் தெரிந்துகொள்ளும். சன்4 போய்விட்டால் 4 கேபி என்பது கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும்.

2. மேற்படி குடும்பங்களின் கருவிகள்: எந்தக் கருவி எந்த இயந்திரத்துக்கு என்று பல வரிகளின் பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். சன்4, சன்4சி என்று மட்டும் குறிப்பிட்டவற்றுக்கு ஹேஷ் போடலாம்.

3. ஃபிரேம்பஃபர்: பிடபிள்யுடூ, சிஜித்ரீ, சிஜிசிக்ஸ், டிசிஎக்ஸ் என்று நீளமான பட்டியல் இருக்கும். உங்கள் டிமெசேஜில் வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் இல்லாமல் சீரியல் போர்ட் வழியாகவே பயன்படுத்துபவர்கள் எல்லாவற்றையும் நீக்கலாம்.

4. ஃபைல் சிஸ்டம்: எஃப்எஃப்எஸ் கட்டாயம் வேண்டும். சிடி பயன்படுத்தினால் சிடி9660, நெட்வொர்க் டிஸ்க் இருந்தால் என்எஃப்எஸ். மற்றவை வேண்டாம்.

5. சன்ஓஎஸ் காலத்து புரோகிராம்களை ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டால் காம்பேட் சன்ஓஎஸ் என்பதையும் நீக்கலாம்.

எவற்றைத் தொடக் கூடாது?

மெயின்பஸ், ஐயோஎம்எம்யு, எஸ்பஸ், ஓபிஐஓ, டிஎம்ஏ, எல்இடிஎம்ஏ, இஎஸ்பி, எஸ்டி, இஸட்எஸ், கடிகாரம், டைமர் ஆகியவற்றைத் தொடாதீர்கள். மரத்தின் நடுக்கிளையைத் தவறுதலாக நீக்கினால் கன்ஃபிக் புரோகிராமே, இந்தக் கருவிக்குத் தாய் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அது நல்லது. பிழை பிசியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆபத்தானவை சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடும் பிழைகள். கடைசிப் பகுதியில் சூடோ-டிவைஸ் என்று தொடங்கும் வரிகள் உள்ளன. இவை ஹார்டுவேர் அல்ல, எனவே டிமெசேஜ் பட்டியலை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் முதல் முறை செய்தபோது, பட்டியலில் இல்லையே என்று பிபிஃபில்டர் என்ற வரியை நீக்கிவிட்டேன். கெர்னல் அழகாக பூட் ஆனது, ஆனால் நெட்வொர்க் முகவரி வரவில்லை. கேபிளை மாற்றி, ஹப்பை மாற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. டிஎச்சிபி மூலம் முகவரி வாங்கும் புரோகிராமுக்கு பிபிஃபில்டர் அவசியம் என்பது இரவுதான் உறைத்தது. அதேபோல் பிடிஒய் இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய முடியாது. லூப் இல்லாவிட்டால் இயந்திரம் தன்னோடு தானே பேச முடியாது.

எனவே ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். ஒரு பிரிவை நீக்கி, கம்பைல் செய்து, பூட் செய்து பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

கம்பைல் செய்தல்

சோர்ஸின் மேல் டைரக்டரியில் பில்ட் டாட் எஸ்எச் என்ற ஸ்கிரிப்ட் உள்ளது. அதை இரண்டு முறை இயக்க வேண்டும். சாதாரண யூசராக இயக்குவதற்குப் பெரிய எழுத்து யு ஆப்ஷனையும், இயந்திர வகைக்கு சிறிய எழுத்து எம் ஆப்ஷனுடன் ஸ்பார்க் என்பதையும் இரண்டு முறையும் கொடுங்கள். முதல் முறை கடைசியில் டூல்ஸ் என்று சேர்த்தால் ஸ்பார்க்குக்கான கம்பைலர் தயாராகும். இதற்குச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். இரண்டாவது முறை கெர்னல் என்று எழுதி, சமக்குறி போட்டு, உங்கள் ஃபைலின் பெயரைச் சேருங்கள். முடிந்ததும் கெர்னல் எந்த டைரக்டரியில் உள்ளது என்பதை ஸ்கிரிப்ட்டே சொல்லும். கெர்னல் ஃபைலின் பெயர் நெட்பிஎஸ்டி.

பழைய கெர்னலை அழிக்காதீர்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். புதிய கெர்னலை பழையதன் மேல் காப்பி செய்யாதீர்கள். ரூட் டைரக்டரியில் நெட்பிஎஸ்டி டாட் நியூ என்ற பெயரில் பக்கத்திலேயே வையுங்கள். பிறகு ரீபூட் செய்து ஓகே பிராம்ட்டுக்கு வந்து, பூட் டிஸ்க் நெட்பிஎஸ்டி டாட் நியூ என்று கொடுங்கள். பூட் ஆகவில்லையா? ஸ்டாப்-ஏ அழுத்தி, வெறுமனே பூட் என்று கொடுத்தால் பழைய ஜெனரிக் எழுந்துவிடும். அதை அழித்திருந்தால்? பழைய சிடி டிரைவையும் இந்த இயந்திரம் ஏற்கும் 512 பைட் பிளாக் அளவையும் தேடி அலைய வேண்டியிருக்கும்.

புதிய கெர்னல் ஒரு வாரம் சரியாக ஓடியபின் அதற்கு நெட்பிஎஸ்டி என்று பெயர் மாற்றலாம். அப்போதும் ஜெனரிக்கை நெட்பிஎஸ்டி டாட் ஓல்டு என்ற பெயரில் வைத்திருங்கள்.

கெர்னல்மேல் பழி போடும் முன்

இயந்திரத்தை ஆன் செய்ததும் ஐடிப்ரோம் செல்லாது என்ற செய்தி வருகிறதா? ஈதர்நெட் முகவரி முழுவதும் எஃப்எஃப் என்று காட்டுகிறதா? அப்படியானால் கெர்னல் காரணமல்ல. எம்48டி08 என்ற சிப்புக்குள் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரம், ஈதர்நெட் முகவரி, பூட் அமைப்புகள் எல்லாம் அந்தச் சிப்பில்தான் உள்ளன. சிப்பை மாற்றி முகவரியை மறுபடி எழுதியபின் கெர்னல் வேலையைத் தொடங்குங்கள்.

ஒர்க்ஸ்டேஷன் இல்லாதவர்களுக்கு

குயெமு என்ற இலவச எமுலேட்டர் ஸ்பார்க்ஸ்டேஷன் 5-ஐ அப்படியே பிசியில் போலச் செய்துகாட்டும். இஎஸ்பி, எல்இ, டிசிஎக்ஸ் எல்லாம் அதிலும் உண்டு. மெமரியை 32 எம்பி என்று கொடுத்துப் பழகிப் பாருங்கள். தவறினால் டிஸ்க் ஃபைலின் காப்பியைத் திரும்பப் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. நீக்குவதையே பேசினோம், சேர்க்கவும் ஒன்று உண்டு. கன்ஃபிக் ஃபைலில் பிளிங்க் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், வசதியுள்ள இயந்திரங்களில் பவர் விளக்கு வேலைப் பளுவுக்கு ஏற்ப மின்னும். சும்மா இருந்தால் நொடிக்கு ஒருமுறை, பளு கூடக்கூட மெதுவாக. மானிட்டரே இல்லாத பெட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். செய்து பாருங்கள்!