கம்ப்யூட்டரில் மட்டும் அடித்த காற்று

"தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல அடிச்ச காத்து எங்க வீட்டுப் பக்கம் வரவே இல்லியே!"

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடியின் முதல் தளத்தில் குடியேறிய ஒரே மாதத்தில் அந்த அம்மா போன் செய்தார். படுக்கையறைக் காற்று மணிக்குப் பன்னிரண்டு முறை மாறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அறிக்கை கொடுத்தவன் நான். நீல அம்புக்குறிகள் போட்ட படம்கூட அதில் உண்டு.

காற்றுவேகமானியையும் ஒரு ஊதுபத்திப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு இரவு ஒன்பதரைக்குப் போனேன். ஜன்னலருகே பத்தியைப் பிடித்தால் புகை நேராகக் கூரைக்குப் போகிறது.

நான் பயன்படுத்திய எனர்ஜிபிளஸ் மென்பொருள் தப்பாகக் கணக்குப் போடவில்லை. நான் சொன்ன பொய்களை அப்படியே நம்பியிருந்தது.

முதல் பொய், காற்றைப் பற்றியது. சென்னைக்கான வானிலைக் கோப்பு மீனம்பாக்கம் விமான நிலையத்துடையது. திறந்தவெளியில், பத்து மீட்டர் உயரத்துக்கான வேகம் அது. மென்பொருளில் நிலப்பரப்பு என்ற இடத்தில் நானும் திறந்தவெளி என்றே கொடுத்திருந்தேன். நெருக்கமான நகரம் என்று மாற்றினால், அங்கே நொடிக்கு 4 மீட்டர் வீசும் காற்று இங்கே தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 1.3 ஆகிவிடுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஒன்பதில் ஒரு பங்கு. போதாததற்கு, ஐந்தடியில் பக்கத்து வீட்டுச் சுவர். காற்று ஒவ்வொரு சுவரையும் எவ்வளவு அழுத்தும் என்பதற்கு மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்ளும் அழுத்தக் கெழுக்களோ, கட்டடம் பொட்டல்காட்டில் தனியாக நிற்கும் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. இப்போதெல்லாம் அக்கம்பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்து ஓபன்ஃபோம் என்ற காற்றோட்ட மென்பொருளில் ஒருமுறை வெளிக்காற்றை ஓட்டி, ஒவ்வொரு ஜன்னலுக்குமான கெழுவை எடுத்து உள்ளிடுகிறேன். அதற்கு நேரமில்லாத வேலைகளில், காற்றே வீசாத நாள் என்று வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். சூடான காற்று மேலேறும் விசையை மட்டும் நம்பினால் அடுக்குமாடி வீட்டில் ஒன்றும் நடக்காது: மூன்று மீட்டர் உயரம், மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் கிடைப்பது சுமார் 0.35 பாஸ்கல். நொடிக்கு 2 மீட்டர் காற்றின் அழுத்தமே 2.4 பாஸ்கல்.

இரண்டாவது, ஜன்னல். நாலுக்கு நாலடி வரைந்து முழுவதும் திறந்தது என்று கொடுத்திருந்தேன். வீட்டில் இருந்ததோ ஸ்லைடிங். எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் கொசுவலை. வலையோடும் வலையில்லாமலும் அளந்ததில், வேகம் கிட்டத்தட்ட மறுபடி பாதியானது. திறப்பு எவ்வளவு காற்றை விடும் என்பதற்கு நான் 0.6 என்று கொடுத்திருந்த வெளியேற்றக் கெழு வலையில்லாத வெறும் துளைக்கானது.

இவற்றையெல்லாம் திருத்தியும் கணக்கு ஒத்துவரவில்லை. காரணம் கதவு. உள்ளே வரும் காற்று எங்காவது வெளியேற வேண்டுமே! படுக்கையறைக் கதவு வழியாக ஹாலுக்கும் பால்கனிக்கும் போகும் என்று நான் வைத்திருந்தேன். இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். மிச்சமிருந்த ஒரே வழி குளியலறை வென்டிலேட்டர். வரும் வழி 1 சதுர மீட்டர், போகும் வழி 0.2 என்றால், இரண்டும் சேர்ந்து கொடுக்கும் பயனுள்ள பரப்பு 0.196. ஜன்னலை இரட்டிப்பாக்கினால்? 0.199. வீட்டுக்காரர் பெரிய ஜன்னலுக்குக் கொடுத்த கூடுதல் காசை நினைத்துக் கொஞ்சம் கூசியது.

ஆகவே வரைபடத்தைத் திறக்கும் முன் வீட்டாரிடம் கேட்டுவிடுகிறேன்: கொசுவுக்காக எத்தனை மணிக்கு ஜன்னலைச் சாத்துவீர்கள்? வெளியூர் போனால்? மழைச்சாரல் அடித்தால்? அந்தப் பதில்கள்தான் மென்பொருளின் நேர அட்டவணைக்குள் போகின்றன. ஆரம்ப காலத்தில் டிசைன்பில்டர் என்ற மென்பொருளில் இதற்கும் மேலான கூத்து ஒன்று செய்திருக்கிறேன். காற்றோட்டத்தைக் கணக்கிடும் தேர்வை விட்டுவிட்டு, அட்டவணைத் தேர்வில் மணிக்கு ஐந்து மாற்றம் என்று நானே கொடுத்து, விடையும் ஐந்து வந்ததைக் கண்டு பெருமைப்பட்டேன்.

இன்னொன்று. அறைக்குள் எவ்வளவு காற்று வந்து போகிறது என்பதைத்தான் அறைகளையும் திறப்புகளையும் இணைத்துப் போடும் இந்த வலைப்பின்னல் கணக்கு சொல்லும். கட்டிலில் படுத்திருப்பவர் மேல் படுமா என்று சொல்லாது. அந்த நீல அம்புகள் நான் அழகுக்கு வரைந்தவை.

அந்த வீட்டில் கடைசியில் படுக்கையறைக் கதவுக்கு மேல் சுவரை உடைத்து மரச்சட்டம் வைத்த வென்டிலேட்டர் போட்டோம், பால்கனிக்கு வலைக்கதவு. ஊதுபத்திப் புகை இப்போது கதவுப் பக்கம் சாய்கிறது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பையன் ஏசி வாங்கணும்ங்கிறான் தம்பி. அப்போ இந்த ஓட்டையை எதை வச்சு அடைக்கிறது?"

கயிறு இழுத்தால் மூடும் பலகை ஒன்று செய்துகொடுத்தேன். கம்ப்யூட்டர் மாதிரியில் அதற்கும் ஒரு நேர அட்டவணை சேர்க்க வேண்டியிருந்தது.