டீக்கு முன்னால் மாத்திரை

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன் பிறகு அங்குள்ள தமிழர்கள் பலர் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிலேயே எழ வேண்டும்.

அப்படிப் போகும் பெண் ஒருத்தி. தையல் வேலை. அவளுக்கு எப்போதும் அசதி. வெயில் காலத்திலும் குளிர்ந்தது. முடி கொட்டியது. உடம்பு பருத்தது. "சோம்பல்" என்றார்கள் வீட்டில். ரத்தம் சோதித்த பிறகுதான் தெரிந்தது. அது தைராய்டு நோய்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் உள்ள சுரப்பி. அதில் சுரப்பது குறைந்தால் உடம்பின் வேலை எல்லாமே மந்தமாகும். கிருமிகளை எதிர்க்கும் சக்தி நம் உடம்பில் உண்டு. சிலருக்கு அந்தச் சக்தி சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

"அயோடின் உப்பை அதிகம் போட்டால் சரியாகுமா?" என்று மாமியார் கேட்டார்.

"வேண்டாம் அம்மா. அது அயோடின் குறைவால் வரும் நோய்க்கு. இவருக்கு வழக்கமான உப்பே போதும்" என்றார் டாக்டர். தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் ஆயிற்று. அசதி போகவில்லை.

"தினமும் போடுகிறீர்களா?"

"போடுகிறேன் டாக்டர். ஸ்டேஷனில், டீயோடு."

தவறு அங்கேதான். டீயோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ.

அப்படியே செய்தாள். மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. அடுத்த வருடம் நாள் தள்ளிப் போயிற்று.

"மாத்திரையை நிறுத்து கண்ணு. பிள்ளைக்கு ஆகாது" என்றார் மாமியார். அன்பால் சொன்னதுதான். ஆனால் ஆபத்தான யோசனை.

அவளுக்கும் பயம். அன்றே செவிலியரிடம் கேட்டாள்.

"நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் பிள்ளைக்கும் சேர்த்து உன் உடம்புதான் கொடுக்க வேண்டும். பிள்ளையின் மூளை வளர அது வேண்டும். இன்றைக்கே டாக்டரைப் பார்" என்றார் அவர்.

டாக்டர் ரத்தம் சோதித்தார். மருந்தைக் கூட்டினார். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளையும் கொடுத்தார். தைராய்டு மாத்திரைக்கும் அவற்றுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றார்.

இப்போது விடியுமுன் முதலில் எழுவது மாமியார். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, ஒரு கையில் மாத்திரை. டீ மட்டும் ஸ்டேஷனில்.