பின்கட்டை வாடகைக்கு விட நாமும் அங்கே இருக்க வேண்டுமா?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் கட்டியிருக்கிறோம். நாங்கள் மதுரையில் மகளோடு போய்த் தங்கிக்கொண்டு அதை வாடகைக்கு விடலாமா?

பதில்: யாருக்கு விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அம்மா. மாத வாடகைக்குக் குடித்தனம் வைக்கிறீர்களென்றால், உரிமையாளர் அதே வளாகத்தில் வசிக்க வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் கேட்பது எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும்தான். வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

காட்டையும் நரை அணிலையும் பார்க்க வருகிறவர்களை நாள் கணக்கில் தங்கவைப்பது வேறு விஷயம். மத்திய சுற்றுலாத் துறையின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தில் அங்கீகாரம் வேண்டுமானால், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள். இது நியாயமான விதி என்பேன். ஆளில்லாத வீட்டில் விருந்தினர் இரவில் கூத்தடித்தால் அவதிப்படுவது அக்கம்பக்கத்தார். மாறாக, வீட்டுப் பஞ்சத்தில் தவிக்கும் கலிபோர்னியா, தோட்டத்துச் சிறுவீடுகளுக்கு இந்த நிபந்தனையை நகராட்சிகள் விதிக்கக் கூடாது என்று 2020 முதல் தடுத்திருக்கிறது. அங்கே குடியிருக்க வருகிறவர்களுக்கு வீடு போதவில்லை. உங்கள் ஊரின் நிலை அதுவல்ல.

ஒன்று முக்கியம்: 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதியை ஒட்டி உங்கள் இடம் இருந்தால், முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும். மதுரையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது, குடித்தனத்துக்கே விடுங்கள்.