மொட்டை மாடி டெலஸ்கோப்புக்கு மோட்டார்

அர்டுயினோ, ஸ்டெப்பர் மோட்டார், டிரைவர் மூன்றும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பல்சக்கரத்தில் துளை போட கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறை பாருங்கள்.

நட்சத்திரத்தைத் தொடர மோட்டார் டெலஸ்கோப்பை நாளுக்கு ஒரு சுற்று திருப்ப வேண்டும். புரோகிராமில் அந்த நாளை 86,400 நொடி என்று போட்டால் நட்சத்திரம் மெல்ல நழுவும். விண்மீன் நாள் 86,164 நொடிதான். 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப், 144 பல் வார்ம் வீல் என்றால் சுமார் 187 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு.

சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. சுழல் அச்சை வடக்கு நோக்கி அவ்வளவு தூக்கினால் போதும். வடக்கைக் காட்டும் துருவ நட்சத்திரமோ எதிர் அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். போட்டோ எடுக்காமல் கண்ணால் பார்க்க மட்டும் என்றால் காந்த ஊசியே போதும்.

கரண்ட் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள். இரண்டு டிரைவரைக் கருக்கிய பிறகு சொல்கிறேன்.